சித்தப்பாவின் பல்லும் தேயிலைத் தோட்டத்துக் கணக்கும்

இந்த வாரம் கடலை விலையைப் பற்றி எழுதுறதாச் சொல்லியிருந்தேன். அதை அடுத்த பதிவுக்குத் தள்ளி வச்சுட்டேன். காரணம், கடிச்ச கொய்யாப்பழத்தில் இருந்த ரத்தம்.

கடலைக்குக் களை வெட்டி மண் அணைச்சுட்டு மோட்டார் கொட்டகை நிழலில் உட்கார்ந்திருந்தோம். தம்பி ஒரு கொய்யாவைக் கடிச்சான். கடிச்ச இடத்தில் சிவப்பா வரிவரியாக் கோடு. அவன் அதைத் துண்டில் துடைச்சுட்டு மறுபடியும் கடிச்சான். "என்னடா இது?"ன்னு கேட்டேன்.

"இது ரெண்டு வருசமா இருக்குண்ணே. எங்கப்பாவுக்கும் இப்படித்தானே? எங்க ரத்தமே அப்படி. நாப்பத்தஞ்சுல எல்லாம் கொட்டிரும். கொட்டட்டும், செட்டுப் பல்லு கட்டிக்கிறேன்" என்றான். அவனுக்கு இப்ப வயசு 44. அவன் அதைச் சொன்ன விதம்தான் எனக்கு உறுத்தியது. மழை வரும் என்பது மாதிரிச் சொன்னான்.

தம்பின்னா கூடப் பிறந்தவன் இல்லை. எங்க சித்தப்பாவோட கடைசி மகன். சித்தப்பா சிலோனில் பிறந்தவர். எங்க ஐயாவோட தம்பி, பஞ்ச காலத்தில் கங்காணி பேச்சை நம்பி மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். போனவர் திரும்பவே இல்லை. அவர் மகன்தான் எங்க சித்தப்பா. 1978-ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, அங்கிருந்து ஊருக்கு வந்தார். எனக்கு அப்ப எட்டு வயசு. அவருக்கு 41. வந்த அன்னைக்கு அப்பத்தா முறுக்குப் போட்டுக் கொடுத்தது. அவர் அதைச் சாயத் தண்ணியில் ஊறவச்சு, கரைஞ்ச பிறகு எடுத்துச் சாப்பிட்டார். வாயில் ஆறோ ஏழோ பல்தான் இருந்தது. அதிலும் பாதி ஆடிக்கிட்டிருந்தது. ஒரு பல்லில்கூட சொத்தை கிடையாது. விழுந்த பல்லை எனக்குக் காட்டுவார், முழுசா, வெள்ளையா, வேரோட இருக்கும். நாலஞ்சு வருசத்தில் அதுவும் போச்சு.

அந்தச் சித்தப்பாவைப் பார்த்து வளர்ந்தவன் தம்பி. அவனுக்குப் பல் கொட்டுவது என்பது அப்பா கொடுத்துட்டுப் போன சொத்து.

ஆஸ்பத்திரியில் கேட்ட கதை

வற்புறுத்தி தாலுகா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். பல் பிரிவில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டு ஒவ்வொரு பல்லா அளந்தாங்க. "மூணு வரைக்கும் பரவாயில்லை. இவருக்குப் பின்னாடி ஆறு, ஏழு இருக்கு" என்றாங்க.

தம்பி தன் வம்சக் கதையைச் சொன்னான். அப்பா சிலோன் தோட்டத்து ஆளு, நாப்பத்தஞ்சில் ஒரு பல்லும் இல்லை, எனக்கும் அதான். டாக்டரம்மா கம்பியைக் கீழே வச்சுட்டுச் சிரிச்சாங்க. "ஐயா, ஈறு நோய் எப்படி வளருதுன்னு நாங்க காலேஜில் படிச்சதே உங்கப்பா மாதிரி ஆளுங்களை வச்சுத்தான். சிலோன் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பதினஞ்சு வருசம் அளந்திருக்காங்க. உலகத்தில் எந்தப் பல் காலேஜுக்குப் போனாலும் அந்தக் கணக்கைத்தான் நடத்துவாங்க."

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரலை. மகள் உதவியோட தேடித் தேடிப் படிச்சேன். புரியாததை டாக்டரம்மாகிட்டயே திரும்பப் போய்க் கேட்டேன். படிச்சதும் கேட்டதும் கீழே.

அதுக்கு முன்னாடி என்ன தெரிஞ்சிருந்தது?

ஈறு நோய் புதுசு இல்லை. சுசுருதர் பேரில் இருக்கிற பழைய சமஸ்கிருத வைத்திய நூல் பல்லின் வேர்ப் பகுதிக்கு மட்டும் 15 நோய்களைப் பட்டியல் போடுது. தானாகவே ரத்தம் கசிந்து, ஈறு கறுத்து, நாறி, சதை கரையும் ஒரு நோயும் அதில் உண்டு. பல்லில் கெட்டியாகப் படியும் காரையை, பல்லோட அடியைப் புண்ணாக்காமல் கருவியால் சுரண்டி எடுக்கணும்னும் சொல்லியிருக்கு. ஸ்பெயினில் கோர்டோபா பக்கம் ஆயிரம் வருசத்துக்கு முன்னால் இருந்த அல்-ஸஹ்ராவி என்ற அரபு மருத்துவர் காரை சுரண்டும் கருவிகளை வரிசையா படமே போட்டு வச்சிருக்கார். பல் டாக்டர் இன்னைக்கு 'கிளீனிங்'னு செய்வதும் அடிப்படையில் அதே வேலைதான்.

தினப்படி விளக்குவதும் பழசு. ஏழாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவுக்கு வந்த இ-சிங் என்ற சீனத் துறவி பல்குச்சியைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கார். பன்னிரண்டு விரல்கடை நீளம், சுண்டுவிரல் பருமன், ஒரு முனையை நல்லா மென்னு அதால் தேய்க்கணும். எங்க ஐயா வேப்பங்குச்சி ஒடிக்கும் அளவும் கிட்டத்தட்ட அதேதான்.

இங்கே ஒரு சின்ன விஷயம். 'ஆலும் வேலும்'னு பழமொழியில் வருதே, அந்த வேல் வேம்பு இல்லை, கருவேல். நாட்டுக் கருவேலைச் சொல்றேன், அமெரிக்காவிலிருந்து வந்து நம்ம கண்மாயைப் பிடிச்ச சீமைக் கருவேலை இல்லை. ஆலுக்கும் கருவேலுக்கும் துவர்ப்பு அதிகம். துவர்ப்பு ஈறை இறுக்கும் என்பதுதான் அந்தப் பழமொழிக்குப் பின்னால் இருக்கிற அனுபவம்.

குச்சி இல்லாத நாளில் உமிக்கரி, சாம்பல், சில வீட்டில் செங்கல் பொடி. அப்புறம் பல்பொடி வந்தது. நஞ்சன்கூடு பல்பொடியும் கோபால் பல்பொடியும் நம்ம பக்கம் ஒரு தலைமுறைக்கே பழக்கம். கோல்கேட் கம்பெனி இந்தியாவில் 1937-ல் பதிவானாலும், எங்க ஊருக்குப் பேஸ்ட் வந்து நிலைக்க எழுபதுகள் ஆச்சு. பல்பொடி டப்பாவில் 'பயோரியா'ன்னு எழுதியிருக்கும். அது ஈறில் சீழ் வடியும் நோய்க்கான ஆங்கில வைத்தியப் பேர். எங்களுக்கு அந்த நோய் பேரையே சொல்லிக்கொடுத்தது பல்பொடி டப்பாதான்.

ஆனா எதனால் ஈறு கெடுதுங்கிறது மட்டும் ரொம்ப நாள் யாருக்கும் உறுதியாகத் தெரியலை. 1683-ல் ஹாலந்து நாட்டில் டெல்ஃப்ட் ஊர்த் துணி வியாபாரி லீவன்ஹூக் தன் பல்லிடுக்கு ஊத்தையைத் தானே செஞ்ச பூதக்கண்ணாடியில் வச்சுப் பார்த்தார். அவர் தினமும் உப்புப் போட்டுப் பல் தேய்க்கிறவர். அப்படியும் அந்த வெள்ளை ஊத்தைக்குள் சின்னச் சின்ன உயிர்கள் நீந்துறதைப் பார்த்து லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் போட்டார். ஆயுசுக்கும் பல் விளக்காத ஒரு கிழவரின் வாய் ஊத்தையையும் பார்த்தார். அதில் இன்னும் ஏராளம். வினிகரைக் கலந்தால் அந்த உயிர்கள் செத்தன. ஆனா வினிகரால் வாய் கொப்பளிச்ச பிறகு சுரண்டிப் பார்த்தால் உயிரோட இருந்தன. மேலே இருப்பதைத்தான் வினிகர் கொல்லுது, உள்ளே இறங்கலைன்னு கண்டுபிடிச்சார்.

மாவுப்பூச்சிக்கு மருந்து அடிச்ச விவசாயிக்கு இது உடனே புரியும். மேலே மாவு போர்வை இருக்கிறவரைக்கும் எந்த மருந்தும் உள்ளே இறங்காது. முதலில் தண்ணியைப் பீய்ச்சிப் போர்வையைக் கலைக்கணும். வாயில் பிரஷ் செய்யும் வேலை அதுதான். கொப்பளிக்கிற மருந்து எவ்வளவு விலையானாலும், தேய்க்காமல் கொப்பளிச்சால் மாவுப்பூச்சி மேல் தெளிச்ச தண்ணிதான்.

லீவன்ஹூக் அவ்வளவு பார்த்தும் அந்த உயிர்கள்தான் ஈறைக் கெடுக்குதுன்னு நிரூபிக்க இன்னும் 282 வருசம் ஆச்சு. நடுவில் இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், வாய்ச் சீழ்தான் உடம்பு நோய்க்கெல்லாம் காரணம்னு சொல்லி, மேல்நாட்டில் கொத்துக் கொத்தாப் பல்லைப் பிடுங்கிப்போட்ட காலமும் உண்டு.

பன்னிரண்டு பேர் பல் விளக்காமல் இருந்த கதை

1965. டென்மார்க்கில் ஆர்ஹஸ் நகரப் பல் மருத்துவக் கல்லூரி. நார்வேக்காரரான ஹரால்ட் லோ என்ற ஆசிரியரும் அவர் கூட்டாளிகளும் ஒரு சாதாரணச் சோதனை செஞ்சாங்க. நல்ல ஈறு உள்ள 12 பேரை, பெரும்பாலும் அங்கே படிச்ச மாணவர்களை, பல் விளக்குவதை அடியோட நிறுத்தச் சொன்னாங்க. 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு வீங்கி, தொட்டால் ரத்தம் வர ஆரம்பிச்சது. மறுபடி விளக்கச் சொன்னாங்க. சுமார் ஒரு வாரத்தில் எல்லாருக்கும் சரியாப் போச்சு.

இதில் ஒருத்தர்கூடத் தப்பலை என்பதைக் கவனிங்க. ஊத்தை தங்கினால் ரத்தம் வரும், ஊத்தை போனால் ரத்தம் நிற்கும். ரத்தச் சூடு, வம்சம், வயசு எதுவும் இதில் வரலை.

ஆனா அது மூணு வாரக் கதை. மூணு வாரம் இல்லாமல் முப்பது வருசம் விளக்காமல் இருந்தால் என்ன ஆகும்? அப்படி இருக்கச் சொல்லி எந்த மாணவனையும் கேட்க முடியாது. ஏற்கெனவே அப்படி இருக்கிற ஜனங்களைத் தேடணும். லோ தேடிப் போன இடம்தான் இலங்கை மலைநாடு.

தேயிலைக் காட்டில் 480 வாய்கள்

1970-ல் மலைநாட்டில் டன்சினன், ஹரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண் தொழிலாளர்களின் வாயை அளந்தாங்க. எல்லாரும் தமிழர்கள். வயசு 14-லிருந்து 31. நல்ல உழைப்பாளி உடம்பு. பிரஷ் பழக்கம் கிடையாது, பல் டாக்டரைப் பார்த்தது கிடையாது. வெற்றிலை உண்டு. எல்லார் பல்லிலும் ஊத்தை, காரை, கறை. சொத்தை மட்டும் ஏறக்குறைய இல்லவே இல்லை. அதனால் அங்கே ஒரு பல் விழுந்தால் அது ஈறால்தான் விழுந்தது என்று தைரியமாகச் சொல்ல முடிஞ்சது. சித்தப்பா காட்டிய முழுப் பல் எனக்கு ஞாபகம் வந்தது இந்த இடத்தில்தான்.

அதே மாதிரி நார்வேயில் ஓஸ்லோ நகரத்தில் 565 மாணவர்களையும் படிச்ச ஆட்களையும் அளந்தாங்க. அவங்க சின்னப் பிள்ளையிலிருந்தே பல் டாக்டர் கவனிப்பில் வளர்ந்தவங்க.

அளந்தது என்ன? பல்லைச் சுத்தி எலும்பும் ஈறும் எவ்வளவு பிடிப்பு விட்டிருக்கு என்பதை. வாய்க்கால் ஓரத்துத் தென்னையை நினைச்சுக்கோங்க. மரத்துக்கு ஒண்ணும் இல்லை. மண்ணுதான் வருசா வருசம் அரிச்சுப் போகுது. வேர் வெளியே தெரியும்போது நாம பார்க்கிறோம், சாயும்போது அலறுறோம். அந்த அரிப்பைத்தான் மில்லிமீட்டரில் அளந்தாங்க. 1971, 1973, 1977, 1982, 1985 என்று திரும்பத் திரும்பப் போய் அதே ஆட்களை அளந்தாங்க.

40 வயசை நெருங்கும்போது ஓஸ்லோக்காரங்களுக்குச் சராசரி அரிப்பு ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். தோட்டத்து ஆட்களுக்கு நாலரை மில்லிமீட்டர். மூணு மடங்கு.

1986-ல் வெளியான கட்டுரையில் இன்னொரு கணக்கு இருக்கு. தோட்டத்து ஆட்கள் எல்லாரும் விளக்காதவர்கள்தான், எல்லார் ஈறும் வீங்கித்தான் இருந்தது. ஆனா எல்லாருக்கும் ஒரே வேகத்தில் பல் போகலை. மூணு பிரிவாப் பிரிஞ்சாங்க.

நூற்றுக்கு 8 பேருக்கு வேகமான அழிவு. இருபது வயசிலேயே பல் விழ ஆரம்பிச்சது. 35 வயசில் 12 பல், 40-ல் 20 பல், 45-ல் எல்லாமே காலி.

நூற்றுக்கு 81 பேருக்கு நடுத்தர வேகம். முப்பது வயசுக்கு மேல் தொடங்கி 45 வயசுக்குள் சராசரியா 7 பல் போச்சு.

நூற்றுக்கு 11 பேருக்கு ஈறு வீங்கினதோட சரி. அரிப்பு ஒரு மில்லிமீட்டர்கூடத் தாண்டலை. பல்லும் போகலை. ஆயுசுக்கும் பிரஷ்ஷைத் தொடாமல்!

இதைப் படிச்சதும் எனக்கு ரெண்டு முகம் கண்ணில் வந்தது. ஒண்ணு சித்தப்பா. 45-ல் எல்லாமே காலி. அச்சு அசலா அந்த 8 பேரில் ஒருத்தர். அவர் இருந்தது வேற தோட்டம், அவர் வாயை யாரும் அளக்கலை. அளந்திருந்தால் அந்தக் கட்டத்தில்தான் விழுந்திருப்பார்.

இன்னொண்ணு எங்க ஐயா. தொண்ணூறு வயசில் கரும்பைப் பல்லால் உரிச்சவர். வேப்பங்குச்சியைத் தவிர ஒண்ணும் அறியாதவர். எங்க வீட்டில் யாராவது பல் டாக்டர்னு வாயெடுத்தால் அவர் கதைதான் பதிலா வரும். "ஐயா என்ன பிரஷ்ஷா பிடிச்சாரு?" உங்க ஊரிலும் இப்படி ஒரு தாத்தா இருப்பார். அவர் பல்லுக்கு வேப்பங்குச்சியும் உதவியிருக்கலாம், ஆனா பெரும்பாலும் அந்த 11-ல் பிறந்த அதிர்ஷ்டம். அவரோட வாழ்ந்து நாப்பதிலும் அம்பதிலும் பல்லைப் பறிகொடுத்தவங்களும் அதே வேப்பமரத்தில்தான் குச்சி ஒடிச்சாங்க. அவங்க கதையை யாரும் திண்ணையில் உட்கார்ந்து பெருமையாச் சொல்றதில்லை.

குச்சியைக் குறை சொல்லலை. வெளிப்பக்கம் நல்லாவே துலக்கும். உள்பக்கமும் ரெண்டு பல்லுக்கு நடு இடுக்கும் அதுக்கு எட்டாது, ஈறு நோய் தொடங்குவதே பெரும்பாலும் அந்த இடுக்கில். செங்கல் பொடியும் கரகரப்பான கரியும் பல்லைத் தேய்ச்சு ஈறையும் கீழே இறக்கிடும். அதை மட்டும் விட்டுடலாம்.

யார் பெயரும் இல்லாத கணக்கு

ஒரு வருத்தத்தையும் எழுதிடறேன். 1970-ல் 480 பேர். 1985-ல் முதல் கணக்கிலிருந்து மிச்சம் 161 பேர். மத்தவங்க எங்கே போனாங்கன்னு நான் கணக்குச் சொல்ல முடியாது. ஆனா அந்தப் பதினஞ்சு வருசம் என்ன வருசம்னு எங்க குடும்பத்துக்குத் தெரியும். 1948 குடியுரிமைச் சட்டத்தில் நாடில்லாமல் போன ஜனங்களை, 1964-ல் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் உங்களுக்கு, 3,00,000 பேர் எங்களுக்குன்னு பங்கு போட்டுக் கப்பலேத்தின வருசங்கள் அவை. எங்க சித்தப்பா அந்தப் பங்கில் வந்தவர்.

தலைமுறை தலைமுறையா லயத்தில் வாழ்ந்த ஜனத்துக்குப் பிரஷ்ஷும் இல்லை, டாக்டரும் இல்லை. அந்த 'இல்லை'தான் ஆராய்ச்சிக்குத் தேவைப்பட்டது. அந்த ஆராய்ச்சியால் உலகம் முழுக்க எத்தனையோ பேர் பல் பிழைச்சிருக்கு, அதை மறுக்கலை. ஆனா புத்தகத்தில் அவங்க 'ஸ்ரீலங்கா தொழிலாளர்கள்' என்ற ரெண்டு வார்த்தைதான். 2010-ல் மறுபடி ஒரு குழு போய்ப் பழைய ஆட்களில் 75 பேரைக் கண்டுபிடிச்சு அளந்தது. 2017-ல் முடிவு வந்தது. காரையை எடு, ஊத்தையைத் தங்க விடாதே, ஈறு வீக்கத்தை ஆரம்பத்திலேயே அடக்கு, முப்பது வயசுக்குள்ளேயே கவனி, புகையை விடு. நாற்பது வருசம் நம்ம ஆட்கள் வாயைத் திறந்து காட்டிக் கிடைச்ச பாடம் அது. அதை நாமே கேட்கலைன்னா எப்படி?

சரி, தடுக்க முடியுமா?

முடியும்னு காட்டினது சுவீடன். கார்ல்ஸ்டாட் நகரத்தில் 1972 வாக்கில் ஆக்செல்சன், லிண்டே என்ற ரெண்டு பேர் 375 பேருக்கு ஒழுங்கா விளக்கவும் இடுக்கைச் சுத்தம் செய்யவும் சொல்லிக்கொடுத்து, சில மாசத்துக்கு ஒருமுறை கூப்பிட்டுக் காரை எடுத்துவிட்டாங்க. இன்னொரு 180 பேருக்கு வழக்கமான வைத்தியம் மட்டும். ஆறு வருசத்திலேயே வித்தியாசம் தெரிஞ்சுபோச்சு. முதல் குழுவில் முப்பது வருசம் தொடர்ந்தவங்க சராசரியா ரெண்டு பல்கூட இழக்கலை. இதில் புது மருந்து ஒண்ணுமில்லை. சுசுருதர் சொன்ன சுரண்டலும், தினமும் ஒழுங்கா விளக்கறதும்தான்.

தம்பிக்கு டாக்டரம்மா சொன்னதையும் அப்படியே எழுதறேன், யாருக்காவது உதவும்.

விளக்கும்போதோ கடிக்கும்போதோ ரத்தம் வந்தால் அதுதான் முதல் அறிகுறி. வலி இருக்காது. வலிக்காததால்தான் விட்டுடறோம். ரத்தம் வருதேன்னு அந்த இடத்தைத் தேய்க்காமல் விடக் கூடாது, அங்கேதான் மெதுவா, நல்லாத் தேய்க்கணும். பீடி சிகரெட் பிடிக்கிறவங்களுக்கு நோய் இருந்தும் ரத்தம் அவ்வளவா வராது, அதனால் இன்னும் தாமதமாத் தெரியும்.

மென்மையான பிரஷ். காலையிலும் ராத்திரி படுக்கும் முன்னும் ரெண்டு நிமிசம். பிரஷ்ஷைச் சாய்ச்சுப் பிடிச்சு ஈறும் பல்லும் சேர்ற வரப்பில் தேய்க்கணும். தினம் ஒருமுறை பல் இடுக்குக்குன்னே விக்கிற நூலோ சின்ன பிரஷ்ஷோ போடணும். ஊக்கு, துடைப்பக் குச்சி வேண்டாம்.

உப்புத் தண்ணி கொப்பளிச்சால் வீக்கத்துக்கு இதமா இருக்கும். ஆனா கல்லாப் போன காரையை உப்போ, கொய்யா இலையோ, நல்லெண்ணெயோ கரைக்காது. அதை டாக்டர்தான் எடுக்கணும். ஈறுக்குள்ளே ஆழமா இறங்கியிருந்தால் மரத்துப்போக ஊசி போட்டு வேர் வரைக்கும் சுத்தம் செய்வாங்க. அதுக்கும் அடங்கலைன்னா ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் ஆபரேஷன். அரிச்சுப் போன எலும்பு பெரும்பாலும் திரும்பி வராது. மேற்கொண்டு அரிக்காமல் நிறுத்தறதுதான் வைத்தியம்.

சர்க்கரை பார்க்கணும். சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. தம்பிக்குப் பார்த்ததில் 210 இருந்தது. அதுவரை அவனுக்கே தெரியாது.

'கிளீன் பண்ணினால் பல் ஆடும், சந்து விழும்'னு ஊரில் ஒரு பேச்சு உண்டு. தம்பியும் அதைத்தான் கேட்டான். "சந்து ஏற்கெனவே இருக்கு. காரை அதை அடைச்சுக்கிட்டு இருக்கு. சுவர் இடிஞ்ச இடத்தில் கரையான் புத்து வச்சுத் தாங்குற மாதிரி" என்றாங்க டாக்டரம்மா. அவங்களும் கிராமத்துப் பிள்ளைதான் போல.

நாலு தடவை போய் வந்தோம். முதல் தடவை முடிஞ்சதும் கண்ணாடியில் பார்த்துட்டு, "சொன்னேன்ல, சந்து விழுந்துருச்சு"ன்னு என்கிட்டே ரெண்டு நாள் பேசலை. கீழ்ப் பல் ஒண்ணைக் காப்பாத்த முடியலை, எடுத்தாச்சு. மூணு மாசம் கழிச்சு அளந்தப்போ ஏழு இருந்த இடம் நாலுக்கு வந்திருந்தது. ரத்தம் நின்னுருச்சு. மிச்சம் 27 பல் இருக்கு.

வம்சம் ஒண்ணுமே இல்லைன்னு டாக்டரம்மா சொல்லலை. அந்த 8-க்குப் பக்கத்தில் பிறந்திருந்தால் மத்தவங்களைவிடக் கவனமா இருக்கணும்னுதான் சொன்னாங்க. தம்பி மகளுக்கு இப்ப 17 வயசு. தோட்டத்தில் அளக்க ஆரம்பிச்ச வயசு 14. அடுத்த மாசம் அவளையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்காங்க. கூட்டிட்டுப் போறேன்.

நாளைக்குக் காலையில் பல் விளக்கித் துப்பும்போது ஒரு தடவை கீழே பாருங்க. சிவப்பு இருந்தால் இந்தப் பதிவை வீட்டில் இருக்கிறவங்களுக்கும் படிச்சுக் காட்டிட்டு, பக்கத்து அரசு ஆஸ்பத்திரியில் பல் பிரிவு என்னைக்கு இருக்குன்னு விசாரிங்க. கடலை விலையை அடுத்த வாரம் பேசலாம்.